'கோலங்கள்' அபி எங்களுக்கு விட்டுச் சென்றது என்ன?

மாலையில் விளக்கேற்றி, சமையலை முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும் பெண்களைப் பார்த்து, "இவளவைக்கு நாடகம் பாக்கிறதைத் தவிர வேறை வேலையில்லை" என்று ஏளனம் செய்வோர் எமது சமூகத்தில் நிறையவே உள்ளனர். நாள் முழுவதும் கிரிக்கெட் போட்டி பார்க்கும் ஆண்களை யாரும் அவ்வாறு கேட்பதில்லை. பெண்கள் ஒரு கதையை ஆறு வருடங்களாக விடாமல் பார்த்தார்கள் என்றால், அவர்களைக் கட்டி வைத்த ஏதோ ஒன்று அதில் இருந்திருக்க வேண்டும். அது என்னவென்று சற்று நிதானித்துப் பார்ப்பது பயனுள்ளது.

அவ்வாறு பார்க்கத்தக்க ஒரு தொடர் 'கோலங்கள்'. தமிழ்நாட்டின் சன் தொலைக்காட்சியில் 2003 நவம்பர் 24ஆம் திகதி ஆரம்பித்து, 2009 டிசம்பர் 4ஆம் திகதி 1,533 பகுதிகளுடன் அது நிறைவுற்றது. திருச்செல்வம் இயக்கிய இந்தத் தொடரில் அபி என்ற கதாநாயகியாக நடித்தவர் தேவயானி. சன் தொலைக்காட்சி கிடைத்த எமது ஊர்களிலும் அபியை அறியாத பெண்கள் குறைவு.

இத்தொடர் முடிவடைந்த வாரத்தை எம்மில் பலர் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்போம். அதே வாரத்தில், டிசம்பர் 1ஆம் திகதிதான், மெனிக் பாம் முகாம்களில் இருந்த மக்களுக்குத் தற்காலிகமாக வெளியே சென்றுவர அனுமதி வழங்கப்பட்டது. சிலர் அபியின் கதை முடிகிறதே என்று கண்கலங்கிய அந்நாட்களில், வேறு சிலர் கையில் ஒரு பையுடன் உறவினரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தனர். இறுதிப் பகுதியைப் பார்க்கக் கிடைக்காதவர்களும் பின்னர் அயலவரிடம் கதை கேட்டறிந்தனர்.

அபி யார்?

தகப்பன் வேறொரு பெண்ணோடு வாழச் சென்றுவிட, தாய் கற்பகத்தையும் இளைய சகோதரங்களையும் உழைத்துக் காப்பாற்றும் மூத்த மகள்தான் அபி. அவளுடைய உழைப்பில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. திருமணத்தின் பின்னரும் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. கணவன் பாஸ்கரின் பணத்தாசையால் அந்த வாழ்வு கசந்து விவாகரத்தில் முடிகிறது. அதன் பிறகும் அவள் மூலையில் முடங்கவில்லை. ஆண்களே கோலோச்சும் கட்டட நிர்மாணத் தொழிலில் இறங்குகிறாள். அங்கே ஆதித்யா என்ற பணபலம் மிக்க எதிரியைச் சந்திக்கிறாள். அவன் வேறு யாருமல்ல, தகப்பனின் மற்றக் குடும்பத்தில் பிறந்த சகோதரன்.

விவாகரத்தான பெண்ணைக் குற்றவாளியாகவோ பரிதாபத்துக்குரியவளாகவோ மட்டும் காட்டிவந்த திரையில், குடும்பத்தின் தலைமையை ஏற்று, தொழில் செய்து, தன் பெயரில் ஒப்பமிடும் பெண்ணை வாரத்தில் ஐந்து நாட்கள் எமது வீடுகளுக்குள் கொண்டு வந்தது இத்தொடர். இதை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. 1,533ஆவது பகுதியில் என்ன நடந்தது என்று இன்று கேட்டால் பலருக்கு நினைவில்லை. அபியை மட்டும் எவரும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் அபிகள்

2010ஆம் ஆண்டில் அப்போதைய மகளிர் விவகாரப் பிரதியமைச்சர் ஹிஸ்புல்லாஹ், கிழக்கில் 49,000 பேரும் வடக்கில் 40,000 பேருமாக 89,000 விதவைகள் இருப்பதாகத் தெரிவித்திருந்தார். கணவன் காணாமற்போனோர், கைவிடப்பட்டோர், காயப்பட்ட கணவனைப் பராமரித்தபடி உழைப்போர் எல்லோரையும் சேர்த்தால், அபியின் இடத்தில் நிற்பவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

கிராமங்களில் மாதர் சங்கக் கூட்டங்களை நடத்தும்போது நான் கவனித்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். "உங்களுக்கு வீட்டில் என்ன பிரச்சினை?" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலான சகோதரிகள் தலைகுனிந்து மௌனமாகிவிடுவார்கள். ஆனால் "அபி செய்தது சரியோ?" என்று கேட்டால் போதும். "அவள் முதலே விட்டிட்டுப் போயிருக்க வேணும்" என்பார் ஒருவர். "சொல்லுறது லேசு, ஊர்ச்சனம் சும்மா விடுமே?" என்பார் இன்னொருவர். சிறிது நேரத்தில் அபி என்ற பெயர் மறைந்து "நான்" என்ற சொல் வந்துவிடும். தன் துயரைத் தன்னுடையதென்று சொல்லக் கூசும் ஒரு பெண்ணுக்கு, இன்னொருத்தியின் கதை ஒரு கைத்தடியாகிறது. நாடகம் பார்த்து அழுத கண்ணீர் முழுவதும் நாடகத்துக்கானதல்ல.

நாடகம் காட்டாதவை

எனினும் நாடகத்தை அப்படியே வாழ்க்கைக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. மெகா தொடர் விளம்பர வருமானத்தில் ஓடுவது. கதை முடிந்தால் வருமானமும் முடியும். ஆகவே ஒரு துன்பம் தீர முன்னரே அடுத்த துன்பம் வந்தாக வேண்டும். கதாநாயகி தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தினமும் பார்க்கும்போது, தாங்கிக்கொள்வதே பெண்ணின் பெருமை என்ற எண்ணம் எம்மை அறியாமலே மனதில் படிந்துவிடுகிறது.

நிஜ வாழ்வில் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. 'கோலங்கள்' ஒளிபரப்பாகிக் கொண்டிருந்த 2005ஆம் ஆண்டில்தான் இலங்கையில் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அடி, உதை, மிரட்டலுக்கு உள்ளாகும் பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவிலும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் உதவி பெறலாம். 1938 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் முறையிடலாம். அபிக்கு என்ன நடக்கும் என்று அறிந்திருந்த அளவுக்கு இவற்றை நாம் அறிந்திருந்தோமா?

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. அபியின் மணவாழ்வுக்கு ஒரு முடிவு எழுதப்பட்டது. விவாகரத்துக்குப் பின் தான் யார், தனது நிலை என்ன என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கணவன் காணாமற்போன எமது சகோதரிகளின் கதையில் இறுதிப் பகுதியே இல்லை. பொட்டு வைப்பதா விடுவதா என்பதிலிருந்து, பிள்ளையின் பாடசாலைப் படிவத்தில் தகப்பனைப் பற்றி என்ன எழுதுவது என்பது வரை ஒவ்வொன்றும் அவளுக்குக் கேள்வியாகவே நிற்கிறது. தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண், தனக்குச் சீதனமாகக் கிடைத்த காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் எங்கே என்றே தெரியாதவள் யாரிடம் சம்மதம் கேட்பாள்? அதற்கு மாவட்ட நீதிமன்றத்தை நாட இடமுண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, மரணப் பதிவு செய்யாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறவும் வழி ஏற்பட்டது. ஆனால் அந்தக் கடதாசியைக் கையில் வாங்குவதே நம்பிக்கையைக் கைவிடுவதாகிவிடுமோ என்று அஞ்சும் பெண்களும் உள்ளனர். அந்த அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். வாங்குவதும் விடுவதும் அவளுடைய தீர்மானம். அப்படி ஒன்று உண்டு என்பதை அவள் அறிந்திருப்பது அவளுடைய உரிமை.

தனியே நிற்பதா, சேர்ந்து நிற்பதா?

'கோலங்கள்' தொடரில் உஷா என்ற தோழியும் தொல்காப்பியன் என்ற நண்பனும் அபிக்குத் துணையாக இருந்தனர். தொல்காப்பியனாக நடித்தவர் இயக்குநர் திருச்செல்வமே. இருந்தாலும் சுமை முழுவதும் அபி ஒருத்தியின் தோளிலேயே கிடந்தது. அதே இயக்குநர் 2022 முதல் 2024 வரை அளித்த 'எதிர்நீச்சல்' தொடரில் இது சற்று மாறியது. படித்திருந்தும் அடுப்படிக்குள் அடக்கப்பட்ட ஒரு வீட்டின் மருமக்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தியின் பொறுமையிலிருந்து பலரின் ஒற்றுமைக்குக் கதை நகர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

இது எமக்குப் புதிய பாடமல்ல. இடப்பெயர்வில் ஒரே மரத்தடியில் சேர்ந்து சமைத்தவர்கள் நாங்கள். ஒருத்தி தண்ணீருக்கு வரிசையில் நிற்க, மற்றவள் அவளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். முகாமில் இருந்த அந்தக் கூட்டுறவு, வீடு திரும்பி வேலி அடைத்த பின்னர் பல இடங்களில் தளர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் கடனையும் தன் கண்ணீரையும் தன் வேலிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள்.

ஆகவே சகோதரிகளே, நாடகம் பார்ப்பதை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாள் முழுதும் உழைத்த உடம்புக்கு அந்த அரை மணி நேரம் ஓய்வு தேவை. முடிந்தால் அயல்வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு வைத்துப் பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போகாமல், "இப்படி எங்களுக்கு நடந்தால் என்ன செய்வம்?" என்று பத்து நிமிடம் கதையுங்கள். அதில் ஒருத்தி தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதை ஊருக்குள் கொண்டு போகாதீர்கள். நீதிமன்றத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அவள் போக வேண்டி வந்தால், தனியே விடாமல் ஒருவராவது கூடப் போங்கள்.

அபிக்கு இறுதிப் பகுதி எழுத ஓர் இயக்குநர் இருந்தார். எமது சகோதரிகள் பலருக்கு, நீதியும் உண்மையும் வந்து சேரும் நாள் எதுவென்று தெரியாது. அதற்காகக் கேட்டுக்கொண்டே இருப்போம். அந்த நாள் வரும்வரை வாழாமல் காத்திருக்க வேண்டியதில்லை.