தராசுக்கு முத்திரை, உடம்புக்கு?

புதூர்நாட்டில் கடை வைத்திருக்கும் நாம் சாமையும் புளியும் எடை போட்டு வாங்குகிறோம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்துக்கொள்கிறோம். கெட்ட பிறகு செய்வதல்ல அது. சரியாக இருக்கும்போதே சோதிப்பது. உடம்பு விஷயத்தில் மட்டும், "நமக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று இருந்துவிடுகிறோம்.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமல் இருக்கக்கூடியவை. கண்ணோ சிறுநீரகமோ பழுதான பின்பே பலருக்குத் தெரியவருகிறது. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினால் நோய் என்று கொள்வர். மறுமுறையும் பார்த்து உறுதி செய்வார்கள். 110 முதல் 125 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நோயும், 13.6 கோடிப் பேருக்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

இரண்டாவது கணக்கில்தான் நமக்கு ஆதாயம். அந்த நிலையிலிருந்தோரை உணவு மாற்றம், நடைப்பயிற்சி என்று பழக்கியதில், நோய் வரும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைந்ததாகச் சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் காட்டினர். கல்லாவிலேயே உட்கார்ந்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சோதிக்கிறார்கள். ஆனால் பகலில் நாம் கடையில் அல்லவா இருக்கிறோம்! அவர்கள் வரும் நாளை வீட்டாரிடம் கேட்டு வைத்து, அரைமணி நேரம் கடையை வேறொருவரிடம் விட்டுப் போகலாம். இல்லையேல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். வெறும் வயிற்றுச் சோதனைக்கு முன் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது; காலை டீயும் கணக்கில் சேரும்.