காற்றில் கை வைக்காதீர்கள்!

"டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துவிடு தம்பி, குலுங்காது!" காரைக்குடிக் கல்யாணத்துக்குக் காரில் புறப்படும் ஆச்சிமார் டிரைவரிடம் சொல்லும் யோசனை இது. வேகக் காரானால் கேட்கவே வேண்டாம். உயரங்குறைந்த டயர், விறைத்த ஸ்பிரிங். ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கும்.

ஆனால் காற்றுக் குறைந்த டயர் நெளிந்து சூடேறும். வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. டயர் தாங்காவிட்டால் எந்த வேகக் காரும் ஓடாது. 2005 ஜூன் 19-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில், சாய்வான ஒரு வளைவுக்குத் தாங்காதென்று மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் ஒதுங்கின. ஓடியவை ஆறே! அவற்றில் நம் கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தார்.

டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது காற்றடியுங்கள். பிறகும் குலுங்கினால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.