முதல் குறும்படம்: பணம் இல்லாதபோது கதைக்கருவை எங்கே தேடுவது?

புது தில்லி: கைபேசியைக் கொண்டே ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய இரண்டையும் செய்துவிட முடிகிற இந்நாளில், முதல் குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்குக் கருவிகள் பெரிய தடையாக இல்லை. தடை பெரும்பாலும் கதைக்கருவில்தான் ஏற்படுகிறது. மனத்தில் தோன்றும் கருவுக்குப் பணம் தேவைப்படுகிறது. பணம் சேரும் வரை படம் தள்ளிப்போகிறது. நண்பர்கள் வேலைக்காக ஊர் மாறிச் செல்கிறார்கள். படம் தாளிலேயே நின்றுவிடுகிறது. சிலர் கடன் வாங்கித் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

கதையை முதலில் எழுதிவிட்டு அதற்கான இடத்தையும் நடிகர்களையும் பொருள்களையும் தேடுவதே வழக்கமான முறை. கையில் பணம் இல்லாதவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். இருக்கும் இடமும் மனிதர்களும் பொருள்களும் எவையென்று முதலில் அறிந்து, அவற்றுக்குள்ளிருந்து கதையைத் தேட வேண்டும். இந்தியாவில் சிக்கனமாக உருவான சில படங்கள் இந்த வழியில் பிறந்தவையே. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குறும்படத்தின் அளவு

பெயர்களின் பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மிகாத படத்தையே ஆஸ்கர் விருதுக் குழு குறும்படமாக ஏற்கிறது. ஆனால் செலவின்றி எடுக்கப்படும் முதல் படத்துக்கு 3 முதல் 7 நிமிடங்கள் வரையிலான நீளமே பொருத்தமானது. திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது திரைத்துறையில் வழங்கும் பொதுக்கணக்கு. எனவே ஐந்து பக்கங்களில் அடங்காத கருவை முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

ஐந்து நிமிடங்களில் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல இயலாது. அவர் எடுக்கும் ஒரு முடிவைச் சொல்ல இயலும். ஒருவர், அவருக்கு இப்போதே தேவைப்படும் ஒன்று, அதற்கு எதிரே நிற்கும் தடை, இறுதியில் அவர் செய்யும் செயல் ஆகிய நான்கும் இருந்தால் குறும்படத்துக்கான கரு உருவாகிவிடுகிறது. 'வேலையின்மை' என்பது தலைப்பு மட்டுமே. நேர்காணலுக்குப் புறப்படும் ஒருவர் அறை நண்பரின் சட்டையைக் கேட்காமல் எடுத்து அணிந்துகொள்கிறார் என்பது கரு.

இருப்பவற்றின் பட்டியல்

முதல் வேலை ஒரு பட்டியல் தயாரிப்பது. கட்டணமும் அனுமதிச் சிக்கலும் இன்றிக் கிடைக்கும் இடங்கள், ஒரு நாள் முழுவதும் உடன் இருக்கக்கூடிய மனிதர்கள், வீட்டில் உள்ள பொருள்கள், அன்றாடம் தவறாமல் நிகழும் நிகழ்வுகள் என நான்கு பத்திகளாக அதை எழுதலாம். மொட்டை மாடி, பாட்டி, பழுதடைந்த தையல் இயந்திரம், மாலை நேர மின்வெட்டு என்பவை போன்ற எளிய பதிவுகளே போதும்.

அசாம் இயக்குநர் ரீமா தாஸின் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' இதற்குத் தெளிவான சான்று. முந்தைய படத்தின் வேலைக்காகச் சொந்த ஊரில் இருந்தபோது, இசைக்கருவிகளைப் போலச் செய்த போலிக் கருவிகளை வைத்துக்கொண்டு ஆடிப்பாடிய சிறுவர்களை அவர் கண்டார். கித்தார் ஒன்றுக்கு ஏங்கும் சிறுமியின் கதை அங்கிருந்து பிறந்தது. ஊர்ச் சிறுவர்களே நடித்தனர். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றை அவரே செய்தார். ஆண்டுதோறும் ஊரைச் சூழும் வெள்ளமும் கதையின் பகுதியானது. அப்படம் 2018-இல் அறிவிக்கப்பட்ட 65-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. அதே ஆண்டில் ஆஸ்கர் விருதுக்கான இந்தியாவின் அதிகாரபூர்வப் பரிந்துரையாகவும் அமைந்தது. அது முழுநீளப் படம் என்றாலும், கரு கிடைத்த வழி குறும்படத்துக்கும் பொருந்தும்.

மகாராஷ்டிரத்தின் விசைத்தறி நகரமான மாலேகான் மற்றொரு சான்று. அங்கு வீடியோ திரையரங்கு நடத்திய நாசிர் ஷேக், புகழ்பெற்ற இந்திப் படங்களை உள்ளூர் மக்களைக் கொண்டு நையாண்டியாக மீண்டும் எடுத்தார். மிதிவண்டியும் மாட்டுவண்டியும் கேமராவை நகர்த்தும் சாதனங்களாயின. பைசா அகமது கான் இயக்கிய 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' என்ற ஆவணப்படம் இம்முயற்சியைப் பதிவுசெய்துள்ளது. இங்குப் பணமின்மை மறைக்கப்படவில்லை. அதுவே நகைச்சுவையின் ஊற்றாகியது. ஏழ்மையான தயாரிப்பு என்பது திரையில் தெரிந்தாலும் குறையாகத் தோன்றாத கருவை அவர்கள் தேர்ந்தெடுத்தனர்.

ஒரு வாளித் தண்ணீர்

பட்டியலிலிருந்து கருவுக்குச் செல்லும் வழியை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பெருநகரம் ஒன்றில் வாடகை அறையில் இருவர் தங்கியுள்ளனர். குழாயில் காலையில் அரைமணி நேரம் மட்டுமே தண்ணீர் வரும். அறையில் இருப்பது ஒரே வாளி. பட்டியலில் இருப்பவை இவ்வளவே.

இவற்றோடு ஒரு தேவையைச் சேர்க்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு அன்று நேர்காணல். அடுத்து ஒரு தடை: குழாயில் நீர் நின்றபோது வாளி பாதிதான் நிரம்பியிருக்கிறது. இதற்குமேல் கதை ஒரு முடிவைக் கேட்கிறது. மற்றவர் இரவுப்பணி முடித்து வியர்வையோடு வந்திருந்தால் அந்தப் பாதி வாளி யாருக்கு உரியது? பக்கத்து அறை முதியவர் அந்நேரத்தில் வெறுங்குடத்துடன் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும்?

நேர்காணல் நடக்கும் அலுவலகத்தைக் காட்ட வேண்டியதில்லை. பேருந்துப் பயணமும் தேவையில்லை. வேலை கிடைத்ததா என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. யார் தண்ணீரை விட்டுக்கொடுத்தார், அதை மற்றவர் கவனித்தாரா என்ற இடத்திலேயே படம் முடிந்துவிடும். ஓர் அறை, மூன்று நடிகர்கள், ஒரு காலை வெளிச்சம் ஆகியவற்றுக்குள் படம் அடங்குகிறது. நகரத்தின் தண்ணீர்ப் பற்றாக்குறை குறித்து எவரும் ஒரு சொல்லும் பேசாமலேயே பார்வையாளர் அதை உணர்ந்துகொள்வார்.

பேச்சைக் குறைத்தால் சிக்கலும் குறையும்

செலவில்லாப் படங்களைப் பெரும்பாலும் கெடுப்பது ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் படத்தை நிறுத்திவிடுவார். மின்விசிறியும் சாலை இரைச்சலும் கைபேசியின் ஒலிவாங்கியில் பேச்சை விடத் தெளிவாகப் பதிவாகக்கூடும். ஆகவே கருவைத் தேர்வு செய்யும்போதே பேச்சு மிகக் குறைவான கதைக்கு முன்னுரிமை தரலாம்.

சத்யஜித் ராய் 1964-இல் எடுத்த 'டூ' என்ற குறும்படத்தில் வசனமே இல்லை. விலையுயர்ந்த பொம்மைகள் நிறைந்த வீட்டில் தனியாக இருக்கும் சிறுவன் ஒருவனும், சன்னலுக்கு வெளியே குழலுடன் நிற்கும் ஏழைச் சிறுவனும் தத்தம் விளையாட்டுப் பொருள்களைக் காட்டிப் போட்டியிடுகின்றனர். வெளியே உள்ளவன் விடும் பட்டத்தை உள்ளே உள்ளவன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறான். இறுதியில் குழலோசை மீண்டும் கேட்கிறது. இது நிறுவன ஆதரவுடன் உருவான படம்தான் எனினும், இதன் கருவுக்குத் தேவை இரு சிறுவர்களும் ஒரு சன்னலுமே.

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியின் முதல் படமான 'ரொட்டியும் சந்தும்' 1970-இல் வெளிவந்தது. ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனின் வழியில் ஒரு நாய் நிற்கிறது. அவன் அச்சத்தை எப்படிக் கடக்கிறான் என்பதே முழுக்கதை. இந்தியாவின் எந்தத் தெருவிலும் நிகழக்கூடிய இச்சம்பவம் பத்து நிமிட அளவுப் படத்துக்குப் போதுமானதாக இருந்தது.

நாட்டார் கதைகளும் இலக்கியமும்

சொந்த அனுபவத்தில் கரு கிடைக்காதவர்களுக்குப் பழங்கதைகள் மற்றொரு வழி. மைசூரைச் சேர்ந்த மருத்துவரான சிதானந்த எஸ்.நாயக், புணேவில் உள்ள இந்தியத் திரைப்பட மற்றும் தொலைக்காட்சிக் கல்வி நிறுவனத்தில் பயின்றபோது எடுத்த கன்னடக் குறும்படம், 2024-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் மாணவர் படப் பிரிவில் முதல் பரிசு பெற்றது. 'சூரியகாந்திப் பூக்களுக்கே முதலில் தெரிந்தது' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அப்படம், கன்னட நாட்டார் கதை ஒன்றைத் தழுவியது. மூதாட்டி ஒருவர் ஊரின் சேவலைத் திருடிவிடுகிறார். அதனால் பொழுது விடியாமல் போகிறது. 16 நிமிடப் படமான இது நான்கு நாள்களில் படமாக்கப்பட்டது. கல்வி நிறுவனத்தின் கருவிகள் அவருக்கு உதவின. கதையோ பாட்டிமார் சொல்வது.

இலக்கியத்தைத் தழுவும்போது உரிமையைக் கவனிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புகளுக்கு உரிமை நீடிக்கும். 50 ஆண்டுகளாக இருந்த இக்காலம் 1992-இல் 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 1936-இல் மறைந்த பிரேம்சந்த், 1941-இல் மறைந்த தாகூர் ஆகியோர் வாழ்நாளில் வெளியிட்ட கதைகளை இன்று எவரும் கட்டணமின்றிப் படமாக்கலாம். ஆனால் அக்கதைகளின் மொழிபெயர்ப்புகளுக்குத் தனி உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரின் வசனங்களை அப்படியே எடுத்தாள அனுமதி பெற வேண்டும். நாட்டார் கதை பொதுவானது என்றாலும், தொகுப்பாசிரியர் ஒருவர் தம் நடையில் எழுதிய வடிவத்துக்கும் இது பொருந்தும்.

கதையைத் தழுவும்போது அதன் செலவு மிகுந்த பகுதியை விட்டுவிடலாம். பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையில் ஹாமித் என்ற ஏழைச் சிறுவன், திருவிழாச் சந்தையில் பொம்மை வாங்காமல், ரொட்டி சுடும்போது கையைச் சுட்டுக்கொள்ளும் பாட்டிக்காக இடுக்கி வாங்கி வருகிறான். சந்தையைப் படமாக்கக் கூட்டமும் கடைகளும் வேண்டும். அவன் வீடு திரும்பி இடுக்கியை நீட்டும் தருணத்துக்கு ஓர் அடுப்படியும் இரு நடிகர்களும் போதும். கதையின் உயிர் அந்தத் தருணத்தில்தான் இருக்கிறது.

கவனம் தேவைப்படும் இடங்கள்

ரயில் நிலையம், விமான நிலையம் போன்றவற்றில் படம் எடுக்க முன் அனுமதி தேவை. அவற்றைச் சார்ந்த கருவைத் தவிர்ப்பதால் நேரமும் அலைச்சலும் மிச்சமாகும். திரைப்படப் பாடல்களை உரிமம் இன்றிப் பயன்படுத்தினால் விழாக்களும் இணையதளங்களும் படத்தை நிராகரிக்க வாய்ப்புண்டு. வீட்டு வானொலியில் பாட்டு ஒலித்தால்தான் கதை நகரும் என்ற கரு, செலவு வைக்கும் கருவே.

அண்டை வீட்டாரின் உண்மைக் கதையை எடுக்கும்போது வேறு வகைப் பொறுப்பு உண்டு. ஊரார் அடையாளம் காணும் வகையில் ஒருவரின் துயரத்தைப் படமாக்கினால், படம் வெளியான பின் அதன் விளைவைச் சுமப்பவர் அவரே. அவரது சம்மதத்தைப் பெறுவதும், முடிந்த படத்தை முதலில் அவருக்குக் காட்டுவதும் அவசியம். சம்மதம் கிடைக்காவிட்டால், அச்சம்பவத்தில் இருந்த உணர்வை மட்டும் எடுத்துக்கொண்டு சூழலை மாற்றிவிடலாம்.

'பதேர் பாஞ்சாலி' படத்துக்காக ராய் தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் பெற்றதும், மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றதும் புதியவர்களுக்கு ஊக்கமூட்டும் நிகழ்வுகளாகச் சொல்லப்படுகின்றன. அப்பணம் போதாமல் படப்பிடிப்பு நீண்ட காலம் நின்றதையும், மேற்கு வங்க அரசின் நிதி கிடைத்த பிறகே படம் 1955-இல் வெளிவந்ததையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். முதல் குறும்படம் என்பது பயிற்சி. அதற்காகக் குடும்பத்தின் நகையை அடகு வைக்கும் தேவை எழுமானால், மாற்ற வேண்டியது கருவைத்தான்.

கருவைச் சோதிக்கும் ஐந்து கேள்விகள்

படப்பிடிப்புக்கு முன் பின்வரும் கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்கலாம்:

1. கதையை இரண்டு வாக்கியங்களில் சொல்ல முடிகிறதா?

2. ஒன்று அல்லது இரண்டு இடங்களில், பகல் வெளிச்சத்தில் முடித்துவிட முடியுமா?

3. நடிகர் ஒருவர் வராமல் போனால், அப்பாத்திரத்தை மாற்றியமைக்க இயலுமா?

4. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பார்த்தாலும் கதையின் பெரும்பகுதி புரியுமா?

5. இறுதியில் யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒன்றைச் செய்கிறாரா, அல்லது 'எல்லாம் கனவு' என்று கதை தப்பித்துக்கொள்கிறதா?

மூன்று கேள்விகளுக்கேனும் 'இல்லை' என்ற விடை வந்தால், அக்கருவைக் குறிப்பேட்டிலேயே வைத்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பலாம். அது வீணாகாது, பணமும் அனுபவமும் சேர்ந்த பிறகு எடுக்க வேண்டிய படமாக அது இருக்கக்கூடும்.

படம் முடிந்த பிறகு

மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, கேரள அரசின் திரைப்பட அகாதெமி திருவனந்தபுரத்தில் நடத்தும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா, பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா ஆகியவை குறும்படங்களுக்கு இடமளிக்கும் முக்கிய விழாக்கள். விண்ணப்பக் கட்டணமும் கால வரம்பும் விழாவுக்கு விழா மாறுபடும் என்பதால், அனுப்புமுன் அவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

கோவாவில் நடைபெறும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில், 35 வயதுக்கு உட்பட்ட இளம் படைப்பாளர்களுக்கான திட்டத்தை மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2021-இல் தொடங்கியது. முதலில் 75 பேரைத் தேர்வு செய்த இத்திட்டம் 2024-இல் 100 பேராக விரிவுபடுத்தப்பட்டது. தேர்வானவர்கள் குழுக்களாகப் பிரிந்து 48 மணி நேரத்தில் ஒரு குறும்படத்தை முடிக்கும் போட்டியும் இதில் உண்டு.

இந்த முறையை வீட்டிலும் பின்பற்றலாம். வெள்ளிக்கிழமை மாலை பட்டியலிலிருந்து ஓர் இடம், ஒரு பொருள், ஒரு மனிதர் ஆகிய மூன்றையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மூன்று நிமிடப் படத்தை முடிப்பது என நண்பர்கள் தங்களுக்குள் விதித்துக்கொள்ளலாம். கிடைக்கும் படம் விழாவுக்குச் செல்லாமல் போகலாம். ஆயினும் எத்தகைய கரு தம் கைக்கு அடங்கும், எது அடங்காது என்பதை அந்த இரண்டு நாள்கள் தெளிவாகக் காட்டிவிடும்.