பழைய விமானத்தைத் தரம்பிரிக்கும் லேசர்

மாணவர்களே, 2007-இல் முதல் ஏ380 பயணிகள் விமானம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்தது. பத்தே ஆண்டுகளில் ஓய்வுபெற்று, பிறகு பிரான்சின் தார்ப் நகரில் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டது.

விமானத்தின் அலுமினியத்தை உருக்கிவிடலாம். இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த கூட்டுப்பொருள்களை அப்படி உருக்க முடியாது. சாயம் பூசிய தகட்டினுள் இருப்பது கார்பன் இழையா, கண்ணாடி இழையா? கண்ணால் சொல்வது கடினம். இரண்டும் கலந்தால் மீட்கும் இழையின் தரம் கெடும்.

இங்குதான் லேசர் உதவுகிறது. சாயம் நீக்கிய இடத்தில் நொடிப்பொழுதிலும் குறுகிய லேசர் துடிப்பைப் பாய்ச்சினால், புள்ளியளவு பொருள் ஆவியாகிப் பிளாஸ்மாவாக ஒளிரும். நிறமாலைமானி அவ்வொளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும். ஆய்வகச் சுடர்ச் சோதனையில் சோடியம் மஞ்சளாக ஒளிருமல்லவா? ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளி என்ற அதே தத்துவம்தான்.

பிசினிலும் கார்பன் உண்டு. எனவே கார்பன் கோடு மட்டும் சான்றாகாது. சிலிக்கன், கால்சியம் கோடுகளும் வலுவாகத் தெரிந்தால் அது கண்ணாடி இழை.

புதிய கார்பன் இழை தயாரிக்க 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. பழைய தகட்டின் பிசினைச் சிதைத்து இழையை மீட்க ஏறக்குறைய 500 டிகிரி போதும். சரியாக அடையாளம் காணாத தகடோ குப்பைமேட்டுக்கே போகும்.