மகவு வருமுன் மனைக்காற்று

மகப்பேற்றிற்கு மனையைச் செப்பனிடுவோர் சுவருக்கு வெள்ளையடிப்பர், தொட்டில் தேடுவர், காற்றை நினைப்பார் அரியர். பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கத்தும் தலைப்பிள்ளைப் பேற்றிற்குப் பெண் தாய்வீடு செல்லுதலே வழக்கம். ஆகலின், கணவன் வீட்டில் எரிவாயு அடுப்பிருந்தும் பயனென்னை, தாய்வீட்டுப் பின்கட்டில் விறகு புகையுமாயின்?

சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டிற் கருவுற்ற மகளிர் 1,285 பேரை ஆராய்ந்து, 2018-இல் தம் முடிபை வெளியிட்டனர். ஒரு கனமீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் மிகுந்தாற் குழவியின் எடை 4 கிராம் குறைகின்றதாம். சிறிதென்னற்க, விறகெரியும் அடுக்களையில் மிகுவது நூற்றுக்கணக்கில்.

அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலுமாகக் கருவுற்ற பெண்டிர் ஏறத்தாழ 3,200 பேரைத் தேர்ந்து, பாதியார்க்கு எரிவாயு அடுப்பு வழங்கிப் பார்த்தனர். அவர் சுவாசித்த நுண்துகள் 24, ஏனையோர்க்கு 71. எனினும் 2022-இல் வெளிவந்த முடிபிற் குழவிகளின் எடையில் குறிக்கத்தக்க வேறுபாடில்லை. ஒன்பது வாரமேனும் கடந்தபின்னரே அவர்களை ஆய்விற் சேர்த்தனர். காலந்தாழ்ந்தமையும் காரணமாகலாமென நாம் ஐயுறுகின்றோம். எனவே அடுப்பை மாற்றுவது திருமணத்தொடு நிகழ்தல் நன்று. வளைகாப்பு வரை பொறுத்தலாகாது.

கொசுவர்த்திச் சுருளொன்று 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஒப்பான நுண்துகளைக் கக்குமென 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறும். வலை கட்டுதல் போதும். நீராட்டியபின் குழவிக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் பாட்டிமாரைத் தடுத்தலோ அரிது! நம் கிறித்தவ இல்லங்களிலும் அவ்வழக்கம் உண்டு. மெல்லிய துணியால் தலையைத் துவட்டினாலே ஈரம் போமென்று பணிந்து சொல்லின், இரண்டொருவரேனும் இசைவர்.