ஓடைக்கு விட்ட இடம்

ஊருக்குத் திரும்பிய குடும்பமொன்றுடன் அவர்களுடைய வயலைப் பார்க்கப் போயிருந்தோம். பற்றை வெட்டி, எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே மத்தியானமாகிவிட்டது. வயலின் மேற்குப் பக்கமாக முன்னர் ஒரு வெள்ள ஓடை போனதாம். அந்த இடத்தில் கிறவல் கொட்டி மட்டப்படுத்தி, கடைத்தொகுதி ஒன்றுக்கு அத்திவாரம் போட்டிருந்தார்கள்.

"ஓடை எங்கே ஐயா?" என்று கேட்டோம்.

"அதுக்கு மேலதான் நிக்கிறியள்" என்றார் அந்தக் கமக்காரர். "கேட்டால், விசேட அனுமதி எடுத்துத்தான் கட்டுறம் எண்டு சொல்லுகினம்."

அன்று நல்ல வெயில். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அவருடைய வயலுக்குள்தான் போகும்.

பள்ளம் ஏன் பள்ளமாக இருக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் போன்ற ஊர்களின் வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு, அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. கோடையில் பார்ப்பவருக்கு அதன் கரை வெறும் பள்ளக் காணி. விலையும் குறைவு. ஆனால் 2008 கார்த்திகையில் நிஷா புயலின் மழை குடாநாட்டை மூழ்கடித்தபோது, பள்ளத்தின் பெறுமதி பலருக்கு விளங்கியது.

ஓடைக்கும் கட்டடத்துக்கும் இடையில் இடைவெளி விடுவது வெறும் கந்தோர்ச் சட்டம் அல்ல. பெருவெள்ளம் அகன்று பாய இடம் வேண்டும். கரையிலுள்ள மரம், புல்லின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேலிருந்து வரும் அழுக்கை அந்த மண் ஓரளவு வடிக்கிறது. ஓடையைத் துப்புரவு செய்ய ஆட்களும் இயந்திரமும் போக வழியும் தேவை.

குடாநாட்டுக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. எங்கள் நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குள் போய்ச் சேரும். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெயால் கிணறுகள் பழுதான வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு கிடைக்கலாம், பழுதான கிணறு உடனே திரும்பி வராது. ஓடைக் கரையில் வாகனம் கழுவுமிடமோ எரிபொருள் நிலையமோ வரப்போகிறதென்றால் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஓடைகளைப் பாதுகாக்க அரச காணியை ஒதுக்காக வைக்கலாம். அப்படி ஒதுக்கிய நிலத்தை எத்தனை வருடம் ஆண்டாலும் ஆட்சியுரிமை வராது. ஓடைக்கரை தனியார் உறுதிக் காணியாக இருந்தால் நிலம் சொந்தக்காரருடையதே. ஆனால் விதித்த தூரத்துக்குள் அவர் கட்ட முடியாது. ஓடையின் அகலத்தைப் பொறுத்து அந்தத் தூரம் கூடிக் குறையும்.

நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடங்களில், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதி எடுக்க வேண்டும். வயலை நிரப்புவதென்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். ஒரு கந்தோர் தந்த அனுமதி மற்றக் கந்தோரின் அனுமதியாகாது.

விதிவிலக்கு யாருக்கு?

விதி இருந்தால் விதிவிலக்கும் இருக்கும். அதில் பிழையில்லை. காணியின் அமைப்பினால் விதியைக் கடைப்பிடிக்கவே முடியாத ஒருவருக்குக் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பது நியாயம்.

இந்த யோசனை வேறு நாடுகளிலும் உண்டு. நியூயோர்க் நகரம் 1916இல் கட்டட வலய விதிகளைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் அமெரிக்காவில் விதிவிலக்குக்கு ஒரு அளவுகோல் பரவியது. கஷ்டம் அந்த நிலத்துக்கே உரியதாக இருக்க வேண்டும். விதிவிலக்கு பொதுநலனுக்கு மாறாக இருக்கக்கூடாது. கூடுதல் இலாபம் வராது என்பது மட்டும் கஷ்டமாகாது. பள்ளமென்று தெரிந்தே மலிவாக வாங்கிவிட்டு, "கட்ட இடமில்லை" என்று முறையிடுவதும் தானே தேடிக்கொண்ட கஷ்டம்தான்.

அந்தச் சட்டம் எங்களுடையது அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விகளை நாமும் கேட்கலாம். கஷ்டம் நிலத்திலா, மடியிலா? கொடுத்த சலுகையின் நட்டத்தை யார் சுமப்பது? இன்று ஒருவருக்குக் கொடுத்ததை நாளை அடுத்த காணிக்காரருக்கு மறுக்க முடியுமா? பத்துப் பேர் பத்து அடி பத்து அடியாக நெருங்கினால், ஓடை இருக்காது.

இல்லாதவர் குரல்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய பல குடும்பங்களுக்கு, போர் முடிந்த 2009க்குப் பின்னரே கட்டம் கட்டமாகக் காணி திரும்பக் கிடைத்தது. ஆள் இல்லாத காலத்தில் வேலி போயிற்று, வாய்க்கால் தூர்ந்தது, அதன் வழி தெரிந்த பெரியவர்கள் பலர் காலமாகிவிட்டார்கள். ஆட்சேபிக்க ஆள் இல்லாத இடத்தில் விதிவிலக்கு இலகுவாகக் கிடைத்துவிடும். ஆகவே, இன்னும் ஊருக்குப் போகாதவர்களும் சில காரியங்களைச் செய்து வைக்கலாம்.

உறுதியோடு நில அளவைப் படத்தின் பிரதியையும் எடுத்து வையுங்கள். ஓடையும் மதகும் படத்தில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, வெள்ளம் வந்த வழியைக் கடதாசியில் வரைந்து வையுங்கள். கரையில் வேலை தொடங்கினால், அத்திவாரம் எழும்ப முன்னரே பிரதேச சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் எழுதுங்கள். கமக்காரர் அமைப்பின் பெயரால் எழுதினால் பலம் கூடும். "விசேட அனுமதி" என்று சொன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அந்தக் கந்தோர் அறிவிக்க வேண்டும்.

கடைசியாக, எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரும்பி வந்த அவசரத்தில் ஓடை ஓரமாகக் கொட்டில் போட்டவர்கள் நம்மிலும் உண்டு. கரைத் துண்டை நல்ல விலைக்குக் கேட்கும்போது மனம் அசைவதும் இயல்பு. ஆனால் எங்கள் காணிக்குக் கீழேயும் ஒருவருடைய வயல் இருக்கிறது. அவர் இன்னும் திரும்பி வராமல் இருக்கலாம். அவர் வரும்போது அவருடைய வயல் வயலாக இருக்க வேண்டும். ஓடைக்கு விட்ட இடம் அவருக்கும் விட்ட இடம்தான்.