"இதில நான் ஆர்?"
கைத்தொலைபேசித் திரைகளும் எங்கள் வாழ்க்கையும்

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார் ஓர் அக்கா. வன்னியிலிருந்து இரண்டு பிள்ளைகளுடன் கொழும்புக்கு வந்தவர். தையல் வேலை செய்கிறார். கணவரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, புறக்கோட்டையில் பஸ் மாறி, வெள்ளவத்தையில் நாங்கள் பெண்கள் கூடும் இடத்துக்கு வந்தார். கையில் மகனின் பழைய கைத்தொலைபேசி. ஓர் உதவித் திட்டத்துக்குப் போன் மூலமே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

பெயர், விலாசம் எல்லாம் நிரப்பியாயிற்று. "திருமண நிலை" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அதைத் தொட்டால் நான்கு சொற்கள் விரியும்: திருமணமாகாதவர், திருமணமானவர், விவாகரத்துப் பெற்றவர், விதவை.

"தங்கச்சி, இதில நான் ஆர்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. விதவை என்பதைத் தொட்டால், இத்தனை ஆண்டுகளாக அவர் மறுத்து வந்த ஒன்றைத் தன் கையாலேயே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். திருமணமானவர் என்றால் அடுத்த திரை கணவரின் மாத வருமானத்தைக் கேட்கிறது. ஒன்றையும் தொடாவிட்டால் "அடுத்து" என்ற பொத்தான் வேலை செய்யாது.

"எனக்குப் படிப்புக் காணாது. அதுதான் விளங்கேல்லைப் போல" என்று சொல்லிப் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அவர் சொன்னது சரியல்ல. அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அந்தத் திரையைச் செய்தவர்களுக்குத்தான் அவருடைய வாழ்க்கை விளங்கவில்லை. அதைப் பற்றியே இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

திரை எப்படி உருவாகிறது?

தையல் இயந்திரத்தின் உள்ளே என்னென்ன பற்சக்கரங்கள் இருக்கின்றன என்று நாம் பார்ப்பதில்லை. கால் மிதிக்கும் பலகையும் கை பிடிக்கும் சக்கரமும்தான் நமக்குத் தெரியும். அவை உடம்புக்கு ஏற்ற இடத்தில் இருந்தால் வேலை ஓடும். கைத்தொலைபேசியிலும் கணினியிலும் அப்படி நம் கைக்கும் கண்ணுக்கும் படும் பகுதியை இடைமுகம் என்கிறார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கேள்வி முதலில் வர வேண்டும், எந்த மொழியில் வர வேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் மேசையில் இருந்து தீர்மானிக்கிறார். இது இன்று உலகெங்கும் ஒரு தொழில். கொழும்பிலும் பல தமிழ் இளைஞர்களும் யுவதிகளும் இத்தொழிலில் இருக்கிறார்கள்.

அமெரிக்கரான டொனால்ட் நோர்மன் என்ற உளவியலாளர் 1988இல் இதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். கதவையோ அடுப்பையோ சரியாகக் கையாள முடியாதபோது மக்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்றும், பெரும்பாலும் பிழை அந்தப் பொருள் செய்யப்பட்ட விதத்திலேயே இருக்கிறது என்றும் அவர் காட்டினார். படித்தவர்களுக்கும் இது நேர்கிறது. ஆனால் எங்கள் பெண்கள்தான் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மிக விரைவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

500 கூடும் இலக்கம்

உங்கள் தேசிய அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டை என்றால் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016இலிருந்து வந்த புதிய அட்டையில் 12 இலக்கங்கள். முதலில் வருவது பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் குறிக்கும். பெண் என்றால் அத்துடன் 500 கூட்டப்படும். 1985 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032 என்று வரும் இடத்தில், அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 532 என்று வரும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். முதலாவது, அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தவுடனேயே நம் வயதையும் நாம் பெண் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே கண்ட இடமெல்லாம் அதைப் பதியக் கூடாது. இரண்டாவது, இலக்கத்தை வாங்கிய பிறகும் பிறந்த திகதியையும் பாலையும் திரும்பக் கேட்கும் திரை நம் நேரத்தை மதிக்காத திரை. 12 இலக்கம் மட்டுமே ஏற்போம் என்று பழைய அட்டைக்காரரைத் திருப்பி அனுப்பும் திரையும் அப்படியே.

பெயரிலும் இதே தொல்லை உண்டு. முதற் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகள். எங்களிடம் குடும்பப் பெயர் ஏது? ஒருத்தி தகப்பன் பெயரை எழுதுகிறாள், இன்னொருத்தி கணவன் பெயரை எழுதுகிறாள். தர்சினி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'ரி' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு, 'டி' எழுத்தில் தொடங்குபவரும் உண்டு. வங்கிப் புத்தகத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறொரு விதம் என்றால், கணினி அவர்களை இரண்டு ஆட்களாகவே எண்ணும்.

கொழும்பில் பிறந்த ஒரு நல்ல உதாரணம்

எல்லாத் திரையும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எங்கே என்ன நிவாரணம் தேவை என்று ஒருவருக்கும் தெரியாத நாட்கள் அவை. அப்போது கொழும்பில் இருந்த கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகச் சேர்ந்து சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளைச் செய்தார்கள். அதன் பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவும் நிறுவனங்களின் பதிவு, தேவைப்படும் பொருட்களின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. யாரும் இலவசமாக எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று அதைத் திறந்துவிட்டார்கள். 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010இல் ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான மென்பொருள் என்று 2006ஆம் ஆண்டுக்கான சர்வதேச விருதும் கிடைத்தது.

அதைச் செய்தவர்களுக்குப் பாதிக்கப்பட்ட மக்களின் தேவை கண்முன்னே இருந்தது. தேவையிலிருந்து அவர்கள் திரைக்கு வந்தார்கள்.

2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த யூலையில் கியூஆர் முறை வந்தது. 2023 செப்டெம்பரில் அது நிறுத்தப்படும் வரை நல்ல போன் இல்லாத முச்சக்கரவண்டிக்காரரும் அந்தக் கட்டத்தைக் கொமியூனிகேசன் கடையில் கடதாசியில் அச்சடித்து வைத்துக்கொண்டு எரிபொருள் அடித்தார். கடதாசியும் செல்லும் என்று வைத்ததால்தான் அது எளியவருக்கும் உதவியது. போனில் மட்டும்தான் என்று வைத்திருந்தால் எத்தனை பேர் வெளியே நின்றிருப்பார்கள்?

குரலும் செயற்கை நுண்ணறிவும்

இப்போது புதிய தொழில்நுட்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தட்டச்சுச் செய்யத் தெரியாவிட்டாலும் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதியைக் கூகுள் 2017இல் தந்தது. கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு 2022இன் பின் பரவலாக வந்துவிட்டது. கண் மங்கிய தாய்மாருக்கும் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் குரல் வசதி பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் எங்கள் கூட்டத்தில் அதைச் சோதித்துப் பார்த்தபோது சில விடயங்கள் தெரிய வந்தன. "கதைக்கேலாமல் கிடக்கு" என்று ஓர் அம்மா சொன்னதைப் போன் வேறெதுவாகவோ எழுதியது. எங்கள் பேச்சு அதற்குப் பழக்கமில்லை. இன்னோர் அக்கா வாயே திறக்கவில்லை. கேட்டபோது, "என்ர அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில பலகைதான். என்ர விசயத்தை நான் சத்தம் போட்டுச் சொல்லுறதோ?" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்ததை நாங்கள் அறிவோம். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் இங்குள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்படி வாழ்ந்தவர்களிடம் ஒரு திரை "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டால் விரல் நடுங்காதா? "ஆம்" என்ற பொத்தான் பெரிதாகவும் "இல்லை" என்பது மங்கலாகவும் இருக்கும் திரைகளும் உண்டு. அது தற்செயலாக நடப்பதல்ல.

இன்னொன்று, ஒரு போன் ஒருவருக்குச் சொந்தம் என்று எண்ணியே இவற்றைச் செய்கிறார்கள். எங்கள் வீடுகளில் ஒரு போனை நான்கு பேர் பாவிக்கிறார்கள். இரகசிய இலக்கம் மகனின் போனுக்கோ தம்பியின் போனுக்கோ வருகிறது. பெண்ணின் பணத்துக்கு வேறொருவர் வாசற்காவலர் ஆகிவிடுகிறார்.

கலண்டர்த் தாளில் வரைந்த திரை

டென்மார்க்கிலும் சுவீடனிலும் 1981 முதல் 1985 வரை ஒரு முயற்சி நடந்தது. பத்திரிகை அச்சகங்களுக்குக் கணினி வரும்போது, அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் அச்சுத் தொழிலாளர்களின் சங்கமே பங்கெடுத்தது. தொழிலாளர்கள் மட்டைப் பெட்டிகளிலும் பலகையிலும் போலிக் கணினிகளைச் செய்து, தங்கள் வேலையைச் செய்துகாட்டி, எது சரி, எது பிழை என்று சொன்னார்கள். பாவிக்கப்போகிறவரே வடிவமைப்பிலும் பங்கெடுக்க வேண்டும் என்ற கருத்து இப்படித்தான் வலுப்பெற்றது.

இதை வாசித்த பிறகு நாங்களும் ஒன்று செய்தோம். போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவிகளைத் தேடித்தரும் ஒரு செயலியைச் செய்ய விரும்பிய ஒரு மாணவரை எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்தோம். பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் திரைகளை வரைந்து ஐந்து பெண்களிடம் கொடுத்தார். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறை நிபுணரான ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனை அக்காவும் வந்திருந்தார். அந்தத் தாளிலும் அதே நான்கு சொற்கள். அவர் விரலை வைத்து, "தம்பி, இது உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். மாணவர் யோசித்தார். "எல்லாப் படிவத்திலயும் இருக்கிறபடியால் போட்டனான் அக்கா" என்றார். உண்மையான பதில் அது. அந்தச் செயலிக்கு அந்தக் கேள்வி தேவையே இல்லை. பேனையை எடுத்து அதை வெட்டிவிட்டார்.

தேவைப்படும் இடங்களும் உண்டு. காணாமற்போனோரின் குடும்பத்தவர், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, விதவையுமல்ல, மற்றவளுமல்ல என்ற நிலை இருக்கிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. சட்டத்தில் உள்ள இடம் திரையில் இல்லாமற் போவது ஏன்? "கணவரைக் காணவில்லை" என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவு ஒன்றும் வராது.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

ஒரு திரையில் விரல் நின்றுவிட்டால் உங்களைக் குறை சொல்லாதீர்கள். எந்த இடத்தில் நின்றது, அங்கே என்ன எழுதியிருந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். படிவம் தந்த அலுவலரிடம், "இதில் எனக்குரிய இடம் இல்லை" என்று சொல்லுங்கள். கடதாசிப் படிவம் உண்டா என்று கேளுங்கள். கேட்கும் தகவல் எதற்கு என்று கேளுங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆகவே இது அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி அல்ல.

கணினி படிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால், அவர்கள் செய்யும் திரையை முதலில் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். உங்களால் முடியாத இடங்களை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அவர்களுடைய படிப்புக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அந்த அக்காவின் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். போனை மூடிவிட்டு நாங்கள் இருவரும் நேரில் போனோம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்த பின் ஓர் உத்தியோகத்தர் கடதாசியில் எழுதி வாங்கினார். திருமண நிலை என்ற இடத்தில் அக்கா தன் கையெழுத்தில், "கணவர் காணாமல் போனவர். தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அன்று அவர் எழுதியதில் பொய் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர் புதிய தாள்கள் கொண்டு வருகிறாராம்.